குனிந்து பார்க்காத அந்த ஒரு நாள்

அன்பு மகன் தைசீருக்கு, மஆனிலிருந்து உன் உம்மா எழுதுவது. அந்தக் குளிர் நாட்டில் லாரி ஓட்டும் நீ உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்கிறேன், இன்றைக்கும் கேட்டேன். நாங்கள் எல்லோரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. ஆலிவ் எண்ணெய் பிழிந்து வந்துவிட்டது, உன் பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். தங்கை பஸ்மா ஒழுங்காகப் படிக்கிறாள். நல்ல செய்தி அவ்வளவுதான். இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ "உம்மா, இருங்க, இன்னொரு கால் வருது" என்பாய், நானும் மீதியை விழுங்கிக்கொள்வேன். அதனால்தான் எழுதுகிறேன், பஸ்மா படம் பிடித்து அனுப்புவாள். கடைசி வரை படித்துவிட்டுப் பேசு.

உன் வாப்பா லாரி எடுக்கும் விதத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பள்ளி விடுமுறை முழுக்க அகபா துறைமுகத்துக்கும் அம்மானுக்கும் நடுவே அவர் பக்கத்து சீட்டில்தானே கிடந்தாய். மற்ற டிரைவர்கள் முன்வண்டியைப் பின்னால் விட்டு, ட்ரெய்லரின் அடியில் டக்கென்று சத்தம் கேட்டதும் இறங்கி சிகரெட் பற்றவைப்பார்கள். உன் வாப்பா ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டபடியே வைத்து, வண்டியை மெதுவாக முன்னால் இழுத்துப் பார்ப்பார். ட்ரெய்லர் விடாமல் பிடித்து நிறுத்தினால் அவருக்குப் பாதி நம்பிக்கை வரும். மீதிப் பாதிக்கு டார்ச்சோடு குனிந்து, லாக்கின் தாடைகள் ட்ரெய்லருக்கு அடியில் நீட்டியிருக்கும் கிங்பின் கம்பியைச் சுற்றி முழுக்க மூடியிருக்கிறதா, கீழ்த் தட்டுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா, கைப்பிடி உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார், காற்றுக் குழாய்களை ஆட்டிப் பார்ப்பார், அதற்கப்புறம்தான் ட்ரெய்லரின் தாங்குகால்களைத் தூக்குவார். "முஃப்லிஹ் பொண்ணு பார்க்க வந்த மாமியா கணக்கா குனிஞ்சு குனிஞ்சு பார்க்கிறான்டா" என்று யார்டு முழுக்கச் சிரிக்கும், அவரும் சிரித்துக்கொண்டே குனிவார்.

அன்றைக்கு உன் மாமா ஹாயில், என் கூடப் பிறந்தவன், புது லாரி வாங்கியதற்கு யார்டிலேயே ஆடு அறுத்து எல்லோருக்கும் மன்ஸஃப் சோறு வைத்தான். உன் வாப்பாவுக்கு அகபாவிலிருந்து வந்த சர்க்கரை லோடை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். "மச்சான், நீங்க உட்கார்ந்து நல்லா சாப்பிடுங்க, உங்க வண்டிய நான் மாட்டி வைக்கிறேன்" என்று அவனே போனான். திரும்பி வந்து கழுத்தைத் தொட்டு, "மாட்டியாச்சு மச்சான், என் கழுத்துமேல" என்றான். கழுத்தைத் தொட்டு ஒருவன் சொன்ன பிறகு குனிந்து பார்ப்பதும் இழுத்துப் பார்ப்பதும் அவனை முகத்துக்கு நேரே பொய்யன் என்பதற்குச் சமம் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது. அப்படியும் உன் வாப்பா டார்ச்சைக் கையில் எடுத்தாராம். ஹாயில் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், என் கழுத்து உங்களுக்குப் பத்தலையா?" என்று கேட்க, சோற்றில் கை வைத்திருந்தவர்களெல்லாம் சிரித்தார்களாம். அவன் வைத்த விருந்து, அவனோ கட்டிய மனைவியின் தம்பி. மனிதர் டார்ச்சைத் திரும்ப வைத்துவிட்டார். ட்ரெய்லர் கொஞ்சம் உயரமாக நின்றிருக்கிறது, கிங்பின் லாக்குக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் மாட்டியது போலத்தான் இருக்குமாம். யார்டு வாசல் தாண்டி பெரிய சாலையில் திரும்பும்போது முன்வண்டி போய்விட்டது, ட்ரெய்லர் போகவில்லை. பின்னால் ஷௌபக்கிலிருந்து ஆப்பிள் ஏற்றி வந்த சுவைலிமின் பிக்கப் அதன் அடியில் சிக்கியது. உயிர் போகவில்லை, இறைவனுக்குத்தான் நன்றி, ஆனால் இடுப்பெலும்பு முறிந்து அந்த மனிதர் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் படுத்திருக்கிறார். உன் வாப்பா சாலையில் உருண்ட ஆப்பிள்களுக்கு நடுவே உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மீதிதான் உனக்கும் தெரியுமே. சுவைலிமின் ஆட்கள் பழிக்கு வராமல் பேசித் தீர்க்கத் தவணை கொடுத்தார்கள், சமாதானப் பேச்சுக்கு நம் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்கள். நான் அடுத்த அறையில் திரைக்குப் பின்னால் நின்றேன். என் தம்பி வாய் கூசாமல், "நான் எங்க மாட்டினேன்? நான் விருந்தாளிங்கள கவனிச்சுட்டு இருந்தேன், மச்சான்தான் மாட்டினாரு" என்றான். அவன் ஆட்டைத் தின்றவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தரையைப் பார்த்தார்கள். நான் பதறவில்லை. என் மகன் இருக்கிறான், கேட்டால் சொல்வான் என்று நினைத்தேன். நடுவராக வந்திருந்த ஊர்ப் பெரியவரே உனக்குப் போன் போட்டு காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, உன் வாப்பா பார்க்காமல் வண்டி எடுப்பவரா என்று கேட்டார். "வாப்பாவுக்கு இப்பல்லாம் கொஞ்சம் மறதி, நானும் ஓய்வெடுங்கன்னு சொல்லிப் பார்த்துட்டேன்" என்று உன் குரல் வந்தது. நீ சொல்லி முடிக்கும்வரை உன் வாப்பா அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

நீயும் ஏமாந்து போய்ச் சொல்லியிருப்பாய் என்றுதான் முதலில் மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. உனக்குப் பேசி வைத்திருக்கும் நுஜூத், ஹாயிலின் மகள், அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். "அத்தை, கூட்டத்துக்கு முந்தின நாளே எங்க வாப்பா அவருக்குப் போன் போட்டாங்க. மறதின்னு சொல்லிட்டா வயசானவர்னு விட்டுடுவாங்க, இல்லன்னா என் புது லாரிய எவனும் கூப்பிட மாட்டான், உன் கல்யாணமும் நின்னுடும்னு சொன்னாங்க. அவரு சரின்னுட்டாரு" என்றாள். அப்புறம் மோதிரத்தைக் கழற்றி என் கையில் வைத்து, "பெத்தவர விட்டுக்குடுத்து என்னைக் கட்டிக்கிறவரு எனக்கு வேணாம்" என்றாள். மோதிரம் சர்க்கரை டப்பாவில் இருக்கிறது. நீ எதற்காக அப்படிச் சொன்னாயோ அதுவும் உனக்கு இல்லை. நான் அப்படியே ஹாயில் வீட்டு வாசலுக்குப் போனேன். "அக்கா, உள்ள வா" என்றான். அன்றைக்குத் தொட்ட மாதிரி கழுத்தைத் தொட்டுச் சொல்லடா என்றேன். கதவைப் பிடித்திருந்த கையை அவன் எடுக்கவே இல்லை.

தம்பி மேல் எனக்குக் கோபம், கத்தித் தீர்த்துவிட்டேன். உன் மேல் இருப்பது கோபம் இல்லை தைசீர், என்னவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை, சோறு இறங்க மாட்டேன் என்கிறது. உன் வாப்பா இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? வாசல் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிறார். காலையில் டீ குடிக்கும்போது என்னிடம், "ஃபித்தா, ஒருவேள நான்தான் மாட்டினேனோ? தைசீர் ஏன் பொய் சொல்லப் போறான், அவன் சொன்னா ஏதாவது இருக்கும்" என்றார். ஹாயில் சொன்னதை அவர் ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. நீ சொன்னதை நம்பிவிட்டார். நல்லா இருந்த மனிதர் தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இதை எந்த டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன்?

வரும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடைசிக் கூட்டம். தப்பு முஃப்லிஹுடையது என்று சொல்லி ஃபாத்திஹா ஓதிவிட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறக்க முடியாது, அவருக்கு ஸ்டியரிங்கும் இல்லை, ஊரில் முகமும் இல்லை. வாப்பாவுக்காக நீ பொய் சொல்ல வேண்டாம். அவர் எப்படி வண்டி எடுப்பார் என்று நீ கண்ணால் பார்த்ததைச் சொல், உன் மாமா உனக்குப் போன் போட்டதைச் சொல். அதற்கு முன்னால் பெரியவரைக் கூப்பிடு. பெரியவருக்குச் சொல்வதற்கு முன்னால் உன் வாப்பாவுக்குச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, அந்தக் கம்பளிக் கோட்டைப் பெட்டியிலேயே வைக்காமல் போட்டுக்கொள். இறைவன் உன் பாதையில் எந்த ஆபத்தையும் வைக்காமல் இருக்கட்டும், நேரான வார்த்தையை உன் நாக்கில் வைக்கட்டும். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு உன் வாப்பா அருகில் வந்து, தன் பங்குக்கு ஒன்றே ஒன்று சேர்க்கச் சொன்னார்: "அங்க பனிக்காலம் ஆரம்பிச்சிருக்கும். குளிர்ல லாக்குக்குள்ள கிரீஸ் இறுகிடும், சத்தம் கேட்டாலும் தாடை முழுசா மூடியிருக்காது. யார் மாட்டிக் குடுத்தாலும் இழுத்துப் பார்த்து, குனிஞ்சு பார்த்துட்டு எடுக்கச் சொல்லு." மறதிக்காரர் சொன்னது, நீ மறந்துவிடாதே.

எப்போதும் இந்த இடத்தில் உம் தைசீர், தைசீரின் தாய், என்று எழுதுவேன். நீ பிறந்த நாளிலிருந்து ஊர் என்னைக் கூப்பிடும் பெயர் அதுதான், எனக்கும் வேறு பெயர் இருப்பது மறந்தே போயிருந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அதை எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
முஃப்லிஹின் மனைவி ஃபித்தா