வள்ளி வெட்டிய ஆட்டுச் சரம்

டிசம்பர் 21, திங்கள்

பனி. நேற்றுத் துவைத்தது எதுவும் காயவில்லை. வாங்க வேண்டியது: மைதா, நூல், பச்சைத் தாள்.

ஹாஸ்டல் இன்றோடு லீவு. கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்குக் காகித ஆட்டுச் சரம் வேண்டும். தாளை விசிறி மாதிரி மடித்து, மேலே ஒரே ஒரு ஆடு வரைந்து, வெட்டி விரித்தால் வரிசையாக ஆடுகள். மூக்கும் வாலும் மடிப்பைத் தொடும் இடத்தில் மட்டும் கத்தரி படக்கூடாது. தொண்டை வறளச் சொன்னேன். தெருப் பிள்ளைகள் அங்கேயே வெட்டி, ஆடுகள் தனித்தனியாக மேயப் போய்விட்டன. ஒழுங்காக வெட்டுவது வள்ளி மட்டும். ஏழாம் வகுப்பு. மலைமேல் கரியாலூரிலிருந்து வந்த பிள்ளை இவள் ஒருத்திதான்.

அவள் அம்மா புதன்கிழமை, கூலிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் லாரியில் குடகுக்குப் போகிறாள், காப்பி பறிக்க. திரும்பப் பங்குனி ஆகும். வள்ளி சாயங்கால பஸ்ஸுக்குப் பையோடு நின்றாள்.

"நாளைக்குப் போயேன்டி. சரத்த முடிச்சிக் குடுத்துட்டுப் போ. பஸ் எங்க ஓடிடப் போவுது? நானே ஏத்தி வுடறேன்."

"சரிங்க டீச்சர்."

போன வருஷம் நம் குடிலைப் பார்த்துப் பங்குச் சாமியார் உதட்டைப் பிதுக்கியது இன்னும் ஆறவில்லை. அவளை நிறுத்தியதற்கு அதுதான் காரணம்.

டிச. 22, செவ்வாய்

சமையல் எலிசாக்கா பால் வாங்கப் போய் வெறும் தூக்கோடு வந்தார்.

"மலைக்குப் போற வழியில, வடக்கனந்தல்ல புளியமரத்த வெட்டி ரோட்டுல போட்டுட்டாங்களாம் டீச்சர். இட ஒதுக்கீடு மறியல். ஒரு வண்டி போவல."

வள்ளி கேட்டாள், "நாளைக்கு வுட்டுடுவாங்களா டீச்சர்?"

வுட்டுடுவாங்க என்றேன். எனக்கு என்ன தெரியும்? பகல் முழுக்கப் பை அவள் மடியில்.

தபால்காரர் மகனிடம் மோட்டார் சைக்கிள் கேட்டுப் பார்த்தேன். "கொளுத்திடுவாங்க டீச்சர்." அதற்கு மேல் கெஞ்ச வாய் வரவில்லை.

டிச. 23, புதன்

பஸ் இல்லை. ஆனால் மேஸ்திரி லாரி மலையின் அந்தப் புறம், ஆத்தூர்ப் பக்கம் இறங்குமாம். அங்கே மறியல் இல்லை.

ஹாஸ்டலில் கொடுத்த கம்பளிச் சால்வையை வள்ளி இதுவரை பிரிக்கவே இல்லை. அம்மாவுக்காம், எஸ்டேட் குளிருக்கு. இன்று அதைத் தானே போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே கத்தரியை எடுத்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

"இந்நேரம் லாரி ஏறியிருப்பாங்க" என்றார் எலிசாக்கா. சும்மா இருக்கத் தெரியாத வாய். வள்ளி முதல் தடவையாக மடிப்பில் வெட்டிவிட்டாள். ஒட்டித் தரேன்டி என்றேன்.

"நானே ஒட்டிக்கிறேங்க."



டிச. 25, வெள்ளி

மரத்தை நேற்று ஓரமாக இழுத்துப் போட்டார்கள். பஸ் இன்னும் சரியாக ஓடவில்லை. குடில் பிரமாதம் என்று சாமியார் எல்லார் முன்னாலும் என் பேரைச் சொன்னார். கூசியது. வள்ளி பேரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மதியம் வள்ளியின் அப்பா. பாதி வழி நடை, காலெல்லாம் புழுதி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒரு பாட்டில் தேன் நீட்டினார்.

"டீச்சருக்குன்னு அவங்கம்மா வச்சிட்டுப் போச்சி. லாரி ஏர்ற வரிக்கும் ரோட்டையே பாத்துக்கினு நின்னுச்சி."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"திங்கக்கெழம பஸ் வந்துச்சி, புள்ள வர்லியேன்னு பதறிட்டோம். அப்பறந்தான் மறியல்னாங்க. நீங்க முன்னமே தெரிஞ்சிதான் நிறுத்திக்கினீங்க. வழியில மாட்டிக்கினா பொட்டப்புள்ள இன்னா பண்ணும்?"

வள்ளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாப்பா. டீச்சர்தான் போவாதன்னாங்க."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.