அவர் படத்தில் சந்தனம்

மொன்றியல்
20 நவம்பர் 1987, வெள்ளி

இன்றுதான் முதல்முறையாக யாருடைய உதவியுமில்லாமல் பூசை செய்தேன். ஊரில் அதெல்லாம் அவருடைய வேலை. மேல்மாடி மனோ அக்கா சொல்லித்தந்தபடியே சாமிப் படங்களைத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு போனேன். கற்பூரம் கொளுத்தப் போனபோது மகள் சுதா கேட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு ஏன் பொட்டு வைச்சனீங்கள்?"

அலுமாரியின் ஓரத்தில் இருந்த அவர் படத்திலும், நெற்றிக்கு நேரே, சந்தனம். செத்தவர்களின் படத்துக்கு வைப்பதுபோல. ஊரில் ஆமிக்காரர் துவக்கோடு வந்து அவரைப் பிடித்துக்கொண்டுபோய் இரண்டு வருடம். இருக்கிறார் என்றோ இல்லை என்றோ இன்னும் யாரும் சொல்லவில்லை.

"கை தவறிப் பட்டிட்டுது, பிள்ளை."

"பொய். வட்டமா வைச்சிருக்கிறீங்கள்."

ஈரத்துணியால் துடைத்தேன். சுதா படத்தைப் பறித்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். சாப்பிடவும் வரவில்லை.

கை தவறவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் வைத்தேன். விரல் கொஞ்சமும் தயங்கவில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

தினமும் படுக்கப் போகுமுன் முகம் கழுவுவேன். இன்று நெற்றிக் குங்குமம் அழிந்துவிடுமே என்று குளியலறைப் பக்கமே போகாமல் இருக்கிறேன்.