பதினேழாம் எண்ணில் உன் கையெழுத்து

டெங்கில்,
புதன் இரவு.

அன்புள்ள வாணி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, அக்கா. உன்னோடு தங்கியிருக்கும் அந்த டீச்சரிடம்கூட வேண்டாம். போனில் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதே, முக்கியமாக அப்பா பேசும்போது இதைப் பற்றி வாய் திறக்காதே, கெஞ்சிக் கேட்கிறேன். இந்தப் பார்சலில் முறுக்கு டின்னுக்கு மேலே இருக்கும் கடிதம் எப்போதும் போல அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. டின்னுக்கு அடியில் இருக்கும் இது யாரும் சொல்லாமல் நானே எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், நீ பாடம் எடுக்கும் பிள்ளைகள் ஆற்றில் படகில் பத்திரமாக வந்து போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று அப்பாவின் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அது பொய்.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு திரும்பவும் வந்துவிட்டது. மழை நின்று மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் காட்டுப் பக்கம் தரை புகைய ஆரம்பித்துவிட்டது. தீ கண்ணுக்குத் தெரியவில்லை, மரத்து வேர்களைச் சுற்றியுள்ள பொந்துகளிலிருந்து புகை மட்டும் வந்துகொண்டே இருக்கிறது, காயப்போட்ட துணியெல்லாம் கரி வாடை. அம்மா தலையணையை இரண்டாக மடித்துச் சாய்ந்தபடியேதான் தூங்குகிறார், நெபுலைசர் மாஸ்க் கட்டிலிலேயே கிடக்கிறது. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்பது அவர் கட்டளை. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, மழை பெய்த மறுநாள் படகில் ஏறாதே, வாரத்துக்கு ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை, இதை மட்டும் எழுது என்றார், எழுதிவிட்டேன். என் போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். எஸ்.பி.எம். பரீட்சை வருகிறது, அதனால்தான் என்று உன்னிடம் சொல்லியிருப்பார். எஸ்.பி.எம்.முக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. காரணம் வேறு.

நீ விடுமுறைக்கு வந்திருந்தபோது நான் தாளும் பேனாவுமாக வீடு வீடாக அலைந்ததைப் பார்த்துச் சிரித்தாயே, அங்கேதான் ஆரம்பம். பிளாட்டுக்குப் பின்னால் இருக்கும் ரிசர்வ் காட்டில் பாதிக்கு மேல் ரிசர்விலிருந்து நீக்கி வீடும் கடைத்தொகுதியும் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாம், பிறகு பொது விசாரணை நடக்கும் என்று போட்டிருந்தார்கள். நம் ஆட்கள் மலாயில் நன்றாகச் சண்டை போடுவார்கள், அலுவலகத்துக்கு எழுத மட்டும் வராது. பிறப்புப் பத்திரமோ தண்ணீர் பில்லோ எதுவானாலும் படிக்கிற பிள்ளையிடம் வருவார்கள், இந்தப் பிளாட்டில் இரண்டு வருடமாக அந்தப் பிள்ளை நான்தான். மூன்று பக்கம் எழுதினேன். அந்தக் காட்டின் கறுப்புத் தரை சாதாரண மண் இல்லை, ஆயிரக்கணக்கான வருடமாக இலையும் வேரும் தண்ணீரில் ஊறிக் கிடந்து உண்டானது, ஈரமாக இருக்கும்வரை வெள்ளத்தைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும், கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் காய்ந்து அடியிலேயே எரியும், தரை தாழ்ந்துகொண்டே போகும், பிறகு மழைத் தண்ணீருக்கு நம் வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை என்று புவியியல் டீச்சரிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். காட்டின் அந்தப் பக்கம் கால்வாய் வெட்டிய பிறகு வந்த வெள்ளத்தில் எந்த வீட்டில் என்ன போயிற்று என்றும் விசாரித்து எழுதினேன். கீழ்த்தளத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கும் நல்லம்மாள் ஆன்டி, “வக்கீலம்மா, எங்க ஃபிரிட்ஜ் ஹால்ல நீந்திச்சுல்ல, அதையும் போடு. என்ன கலர்னு கேட்டா பச்சைன்னு சொல்லு” என்றார். பச்சை என்பதையும் எழுதினேன், அக்கா.

இனிமேல் வருவது நான் செய்த தப்பு. போன வருடம் குழாய்த் தண்ணீருக்காக ஒரு மனு கொடுத்தோம், கவுண்டரில் வாங்கிக்கொண்டு நம் நகலில் சாப் முத்திரை அடிக்கவில்லை, பிறகு அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள். அந்தப் பயத்தில் இந்தத் தடவை எல்லோரையும் இரண்டு தரம் கையெழுத்துப் போட வைத்தேன், அலுவலகத்துக்கு ஒரு கட்டு, நமக்கு ஒரு கட்டு. பெயர், அடையாள அட்டையில் உள்ள ஐசி எண், வீட்டு எண், கையெழுத்து என்று கோடு போட்ட தாள்கள், அவ்வளவுதான். மேலே தலைப்பு எழுத எனக்குத் தோன்றவில்லை. எதற்காகப் போட்ட கையெழுத்து என்று அந்தத் தாள்களில் ஒரு வார்த்தைகூட இல்லை. முதல் கட்டு ஆட்சேபக் கடிதத்தோடு போனது. இரண்டாவது கட்டு அலமாரியில் பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது, நாற்பத்து மூன்று குடும்பம், பதினேழாம் எண்ணில் உன் கையெழுத்து.

பத்து நாளைக்கு முன்னால் அப்பா என்னைக் கூப்பிட்டு, “கோயில் கமிட்டில பேசிட்டோம்மா, எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. பிளானை மாத்திட்டாங்களாம், காட்டுக்கு ஒண்ணும் ஆவாது. ஆட்சேபத்தைத் திருப்பி எடுத்துக்கிறோம்னு மூணு வரி எழுது” என்றார். எழுதினேன். மூன்று பக்கத்தில் சொன்னதை மூன்று வரியில் இல்லை என்று எழுதினேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்றால் ஏன் புதிதாகக் கையெழுத்து வாங்கவில்லை என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இதை உன்னிடமாவது ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனாலும் எழுதினேன், எழுத்து கோணாமல் இருக்க அடியில் கோடு போட்ட தாள் வைத்து எழுதினேன். போன திங்கட்கிழமை அப்பா அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இரண்டாவது கட்டைச் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்துவிட்டு, நகலில் சாப்பும் வாங்கி வந்தார். சனிக்கிழமை காலையில் நாசி லெமாக் வாங்கப் போனேன். நல்லம்மாள் ஆன்டி இலையைச் சுற்றிக்கொண்டே, “விசாரணைக்கு வேன் சொல்லியாச்சு. நீ என் பக்கத்துல உக்காரு லா, அந்த ஆபிசர்ங்க பேசுறத அப்பப்ப என் காதுல போடணும்” என்றார். அப்போதுதான் தெரிந்தது, யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, யாரிடமும் யாரும் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை, உட்காரச் சொன்னார். “காட்டுக்குப் பேச யூனிவர்சிட்டிக்காரன் இருக்கான், பேப்பர்காரன் இருக்கான். நம்ம அம்மனுக்குப் பேச யாரு இருக்கா? வாய்க்கால் ஓரத்து ரிசர்வு நெலத்துல கோயில வச்சு ஒண்டிக்கிட்டு இருக்கோம், இடிக்கச் சொல்லி மூணாவது நோட்டீஸ் வந்துருச்சு. எஸ்டேட்ட எடுத்தப்ப சாமிய என் லோரிலதான் ஏத்திக்கிட்டு வந்தேன். இன்னொரு வாட்டி ஏத்த மாட்டேன்” என்றார். வீடு கட்டப்போகும் கம்பெனிக்காகப் பேசிக்கொண்டு திரியும் பக்தவத்சலம் அங்கிள் அரை ஏக்கர் தருவதாகச் சொன்னாராம், கோயில் பெயரிலேயே பட்டாவாக, கிராண்டோடு. அந்த அரை ஏக்கர் எங்கே என்று கேட்டேன். அதே காட்டின் ஓரம்தான். காய்ந்து தாழ்ந்துகொண்டே போகும் அந்தத் தரையில் கோபுரம் கட்டினால் எத்தனை வருடம் நேராக நிற்கும் என்று கேட்டேன். அதற்குத்தான் போனை வாங்கிக்கொண்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுத வேண்டாம் என்று இரண்டு தரம் பேனாவைக் கீழே வைத்தேன். அப்பாவின் கடிதத்தில் உனக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறதே, பெரிய இடத்தில் பேசியாகிவிட்டது, நம் வீட்டுக்குக் கிட்டத்திலேயே செமினிப் பக்கம் ஒரு பள்ளிக்கு உனக்கு டிரான்ஸ்பர் வந்துவிடும் என்று, அதுவும் பக்தவத்சலம் அங்கிள் கொடுத்த வாக்குதான். “அவ அந்தக் காட்டுல கெடந்து சாவணுமா?” என்று அப்பா என்னிடம் கேட்டார். நீ மூன்று வருடமாகக் கேட்டு நடக்காதது இப்போது எப்படி நடக்கிறது என்று நீ யோசிக்கக் கூடாது, சந்தோஷப்பட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த அங்கிள் வீட்டுக்கே வந்தார். அம்மா கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டே, “என்ன மலரு, மலாய் சூப்பரா எழுதுறியாமே! மொதல் லெட்டரும் நீ, ரெண்டாவது லெட்டரும் நீ. நாளைக்கு போலீஸ் வந்து இதெல்லாம் யாரு செஞ்சதுன்னு கேட்டா, மொதல்ல உன்னைத்தானே தேடுவாங்க லா” என்று சொல்லிச் சிரித்தார். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரிதான் சொன்னார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர் மிரட்டியதைவிட அப்பா சிரித்ததுதான் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. பள்ளி வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால்கூட அவர் அனுப்பிய ஆளோ என்று பார்க்கிறேன்.

இன்றைக்கு சாயங்காலம் பொறுக்க முடியாமல் நல்லம்மாள் ஆன்டி வீட்டுக்குப் போனேன். சாப் அடித்த நகலைப் புவியியல் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப்போய், அந்த மூன்று வரியையும் தமிழில் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். “நான் உன்னை நம்பித்தானே போட்டேன். உங்கப்பனை நம்பியா போட்டேன்?” என்று மட்டும் கேட்டார். அக்கா, திட்டியிருக்கலாம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வெள்ளிக்கிழமை பூசைக்கு எல்லாரும் வருவாங்க. தீபாராதனைக்கு முன்னால நீயே நின்னு படி. நான் சொன்னா பொம்பளச் சண்டைன்னு வாய அடைச்சிருவானுங்க. எழுதினவ நீ, நீ படிச்சா எவன் பேசுவான்?” என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. அப்பா கோயில் செயலாளர், சாமிக்குப் பக்கத்தில்தான் நிற்பார். அவர் முகத்துக்கு நேராக நான் படிக்க வேண்டும்.

படித்தாலும் போதாது என்று எனக்குத் தெரியும். அம்மனுக்குக் கிராண்டோடு நிலம் என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள், யார் வாயிலிருந்தும் காடு என்று வராது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். விசாரணை அடுத்த மாதம் ஐந்தாம் தேதி. இது உன் கைக்கு வர பத்து நாளாவது ஆகும், வந்த அன்றே நீ ஒரு கடிதம் எழுத வேண்டும். பதினேழாம் எண்ணில் இருப்பது என் கையெழுத்து, அதை ஆட்சேபத்துக்காகத்தான் போட்டேன், திருப்பி எடுக்க நான் யாருக்கும் சொல்லவில்லை என்று எழுதிப் பெயரும் ஐசி எண்ணும் போட்டு அனுப்பு. விலாசத்தையும் அந்த இரண்டு கடிதங்களையும் இதோடு கையால் படியெடுத்து வைத்திருக்கிறேன். ஒருவர் மறுத்து எழுதினாலே மற்றவர்களையும் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று நம்புகிறேன். அதைவிட, நீ எழுதினால் உனக்காகத்தான் செய்தேன் என்று அப்பா இனிமேல் சொல்ல முடியாது. எழுதினால் செமினி கிடைக்காது, அதுவும் எனக்குத் தெரியும். நீ எழுதாவிட்டால் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். செமினிக்கு வந்துவிடு, வார இறுதியில் வீட்டுக்கு வந்து அம்மாவின் மூக்கில் மாஸ்க்கை நீயே பிடித்துக்கொள்ளலாம், எனக்கும் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும்.

இப்படி எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை, ஆனால் பார்சலை இன்னும் ஒட்டாமல் டேப்பை என் மேசையில் வைத்துவிட்டு, “காலைல நீயே ஒட்டிரு, நான் பாக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். உனக்காகத் திருநீறு மடித்து வைத்திருக்கிறார், உன் தலைக்கு ஒன்றும் வரக் கூடாது, எங்கே இருந்தாலும் நிமிர்ந்து இருக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார். எலுமிச்சை ஊறுகாயை ஈரக் கரண்டி போட்டு எடுக்காதே. உன் கடிதத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே எதற்கு எழுதுகிறாய் என்று ஒரு வரி எழுது, நான் விட்டதை நீ விடாதே. அப்பாவுக்கு இனிமேல் நான் எந்தக் கடிதமும் எழுதித் தரப்போவதில்லை. அவரிடம் இன்னும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் ஆசீர்வாதத்தைக் கேட்கும் தங்கை,
ப. மலர்விழி

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டார். பேனாவை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வரச் சொல்கிறார், பக்தவத்சலம் அங்கிள் இப்போதுதான் போன் செய்தாராம், காலைக்குள் இன்னொரு கடிதம் வேண்டுமாம். நான்