பத்தொன்பது நாள் சர்வீஸ்

பழங்காநத்தம், மதுரை
12.8.1981

அன்பு மகன் தவசிக்கு அம்மா எழுதுவது. விமானம் என்றாலே நான் நடுங்குகிறேன், உன்னை ஊருக்கு வரவழைக்கச் சாக்குத் தேடுகிறேன் என்று உன் அத்தை சீனியம்மாள் தெரு முழுக்கச் சொல்லி வருகிறாள், உனக்கும் எழுதியிருப்பாள். இரண்டும் பொய். மூன்று வேளையும் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறேன், நைரோபியில் நீயும் மருமகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கம்பெனி வாங்கியிருக்கும் பழைய டர்போபிராப், அப்பா இங்கே விமான நிலையத்தில் மெக்கானிக்காக இருந்தபோது கைவைத்த விமானம் என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். தொழிற்சாலை எண்ணை அப்பாவின் பழைய வேலை நோட்டோடு ஒத்துப் பார்த்தேன், அதேதான். ஆனால் விமானத்தின் பதிவேட்டைப் பார்த்து அதன் சரித்திரத்தை நீ வரிசையாக எழுதியதில், 1966 நவம்பர், 'மதுரையில் பத்தொன்பது நாள் இன் சர்வீஸ்' என்று ஒரு வரி இருந்ததே, அங்கே என் கண் நின்றுவிட்டது. அந்தப் பத்தொன்பது நாளும் அது பறக்கவே இல்லை. மழையில் இறங்கி, ஓடுபாதையைத் தாண்டிச் சேற்றில் பாய்ந்து, இடப்பக்கச் சக்கரக் கால் மடங்கிச் சாய்ந்து கிடந்தது. அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய் நானே பார்த்தேன்.

கோச்சடைக்குப் பஸ் ஏறிப் போய், அப்பாவோடு வேலை பார்த்த கருத்தக்கண்ணனைக் கேட்டேன். அன்று பதிவேட்டில் அந்த வரியை எழுதியது அவர்தானாம். வண்டிய சர்வீஸுக்கு விட்டா சர்வீஸ்ல இருக்குன்னுதானே மதினி சொல்லுவோம், நாங்க இங்கிலீசு எம்புட்டுக் கண்டோம் என்றார். 'இன் சர்வீஸ்' என்றால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள், நான் படித்த கான்வென்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். சரி, தெரியாமல் எழுதினார் என்றே வைத்துக்கொள்வோம், சக்கரக் காலை மாற்றியதற்கு ஒரு வரியாவது இருக்க வேண்டாமா என்றேன். பதினஞ்சு வருசமாப் பறந்துட்டிருக்கு, இப்பப் போயி எதுக்கு நோண்டுறீக, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன் என்று எழுந்து போனார். அவர் மாட்டை விற்று நாலு வருடம் ஆகிறது. அதன் பிறகு அப்பாவின் நோட்டைக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். நான் கொடுக்கவில்லை.

நோட்டில் அப்பா எழுதியிருப்பது இது: கால் பொருந்தும் இடத்தில் இறக்கைக்குள் விரிசல், ஒட்டுத் தகடு போட்டிருக்கிறது, வருடா வருடம் திறந்து பார்க்க வேண்டும். உன் பட்டியலில் ஒரு முறைகூடத் திறந்ததாக இல்லை. ஓடிக்கொண்டிருந்தது என்று படித்தவன் எதற்குத் திறப்பான்? அப்பா ஏன் அன்றே மேலிடத்துக்கு எழுதவில்லை என்று நீ கேட்பாய். இரண்டு நாளாக நானும் அவர் படத்தைப் பார்த்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி நீ கையெழுத்துப் போட்டால்தான் அது பறக்கும், முதல் பயணத்தில் நீயும் ஏறுவாய் என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தகட்டைக் கழற்றி உன் கண்ணால் பார்க்காமல் பேனாவைத் தொடாதே. உன் மேலாளர் நல்லவர் என்கிறாய். காகிதம் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று சந்தேகப்படாத மனிதரை நான் நல்லவர் என்று சொல்லமாட்டேன். நோட்டின் பக்கத்தை எழுத்துப் பிசகாமல் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

மலேரியா மாத்திரையை விட்டுவிடாதே. மீனாட்சி உங்கள் இருவரையும் காக்கட்டும். டிரங்க்கால் போடாதே, குரலில் எதையும் மறைத்துவிடலாம். தகட்டைத் திறந்தாயா, உள்ளே என்ன இருந்தது என்று உன் கையால் எழுதிக் கடிதம் போடு.

உன் அம்மா,
ஜெயக்கொடி