சத்து மாத்திரை

மார்ச் 4

பாசமுள்ள தம்பி அண்டாவுக்கு,

அக்கா எழுதுறது. எழுதுறது எங்க, நான் சொல்லச் சொல்ல உன் மருமக ஈர்க்குச்சிதான் எழுதுறா. இங்க எல்லாரும் சுகம். லீவு முடிஞ்சு நீ கிளம்பினதுல இருந்து வீடு பாதி காலியாக் கிடக்கு. உன் உடம்புக்குப் பாதின்னு சொன்னது கம்மிதான், கோவிச்சுக்காதே. நீ உட்கார்ந்த நாற்காலி இன்னும் முனகுது. நாற்காலின்னதும் ஞாபகம் வருது. எங்க லாட்ஜ் சூப்பர்வைசர் போன வாரம் நாற்காலியோட மல்லாக்க விழுந்தார். சிரிச்சா வேலை போயிடும்னு நாங்க அத்தனை பேரும் துவைக்கிற பெட்ஷீட்டை வாயில அடைச்சுக்கிட்டோம். ஒருத்திக்கு அதுல இருந்த சோப்பு தொண்டைக்குள்ள போய், அது தனிக்கதை.

எங்க விட்டேன்? ஆங், குளியலறை ஜன்னல்ல, மாத்திரை போட்டு வெச்சிருந்த ஒரு மிட்டாய் டப்பாவை மறந்துட்டுப் போயிட்டே. என்னடா திங்கிறேன்னு நான் கேட்டப்ப, சத்து மாத்திரைன்னு சொன்னியே, அதுதான். நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா, ஒருத்தர் மருந்து எல்லாருக்கும் மருந்து. அப்பாவோட இருமல் மருந்தைக் குடிச்சு வளர்ந்தவங்கதானே நாம. அதனால ஈர்க்குச்சிக்குத் தினமும் ஒண்ணு குடுக்கிறேன். தீயணைப்பு வேலைக்கு எடை பத்தலைன்னு போன தடவை இவளைத் திருப்பி அனுப்பினாங்களே, அடுத்த மாசம் மறுபடி எடை பார்க்கிறாங்க. இதை விட்டா இவளுக்கு வயசு தாண்டிடும்.

மாத்திரை நல்லாத்தான் வேலை செய்யுது. தூங்காம வீட்டைச் சுத்திச் சுத்தி வர்றா. நெஞ்சு மேளம் கொட்டுதாம். சத்து ஏறுதுபோல. சோறுதான் இறங்க மாட்டேங்குது. எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ, இவ கை நடுங்குது.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்த கையோடு உங்கள் தெரு மளிகைக்கடைக்குப் போன் செய்தேன். அந்த மாத்திரை தேதி முடிந்து கெட்டுப்போனது, தூக்கிப் போடச் சொல்லுங்கள் என்று கடைக்காரரிடம் சொன்னேன். சொன்னாரா? அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் சொல்வதையெல்லாம் கடைக்கே கேட்கிற மாதிரி திருப்பிச் சொல்வது உனக்குத் தெரியும். அதனால் விவரமாகப் பேச முடியவில்லை. விவரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தூக்கிப் போட்டுவிடு. மருமகளை நன்றாகத் தூங்கச் சொல்.

உன் தம்பி

மார்ச் 27

பாசமுள்ள அண்டாவுக்கு,

கடைக்காரர் சொன்னார். எனக்கு மட்டுமா சொன்னார், சோப்பு வாங்க வந்தவங்களுக்கும் சேர்த்தே சொன்னார். "உங்க அண்டா கெட்டுப்போன மருந்தா திங்கிறான், அதான் அப்படி ஊதிட்டானா?"ன்னு ஒருத்தி கேட்டா. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

ஆனா தம்பி, கெட்டுப்போனா வாடை வரணுமே? மோந்து பார்த்தேன், ஒண்ணும் வரல. நீ காசு போட்டு வாங்கினதைத் தூக்கிப் போட மனசும் வரல. யோசிச்சுப் பார்த்தேன். பழசாப் போன சோப்புல நுரை குறையும், துணிக்குக் கூடக் கொஞ்சம் போடுவோம். அதே மாதிரிதானே மருந்தும்? வீரியம் குறைஞ்சிருக்கும்னு இப்ப ரெண்டு ரெண்டாக் குடுக்கிறேன். நேத்து மாடிப்படியில தலை சுத்தி உட்கார்ந்துட்டா. கொஞ்சம் இளைச்ச மாதிரியும் தெரியுது. டப்பா காலியாகப் போகுது, புதுசா ஒண்ணு வாங்கி அனுப்பு.

உன் அக்கா

மாமா, இது நானா எழுதுறது, அம்மாவுக்குத் தெரியாது. எனக்குப் பயமா இருக்கு. இது நிஜமாவே சத்து மாத்திரைதானா?

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கும் மருமகளுக்கும்,

இன்று காலை கடைக்காரர் சொல்லி எல்லாம் தெரிந்திருக்கும். உன்னைப் போனுக்கு வரச் சொல்லிக் காத்திருக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. அவரிடமே சொன்னேன்: "அது சத்து மாத்திரை இல்லீங்க. உடம்பு இளைக்கிற மாத்திரை. என் தொப்பைக்காக நான் திருட்டுத்தனமா வாங்கித் தின்னது. அந்தப் பொண்ணை உடனே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க." வரிக்கு வரி அவர் உரக்கத் திருப்பிச் சொன்னார். தொப்பை என்ற இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தினார். அங்கே யாரோ சிரித்ததும் கேட்டது.

இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் ரெண்டு ரெண்டு ஆகியிருக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். பூசணிக்காயே நான்தான்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன் என்பது உனக்குத் தெரியும். லிஃப்ட்டின் கூரையில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதன் வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். போன வருஷம் அதில் இடுப்போடு மாட்டிக்கொண்டேன். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. "கிரீஸ் தடவி இழுங்கடா" என்றார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். கீழே நின்ற குடித்தனக்காரர்கள் என் காலை மட்டும் பார்த்துச் சிரித்தார்கள். அன்று மாலையே மருந்துக்கடையில் அந்த மாத்திரையை வாங்கினேன். டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை, பற்பசை மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்கும் நெஞ்சு மேளம் கொட்டியது. கொழுப்பு கரைகிறது என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடம் சொன்னால் நீயும் சிரிப்பாயோ என்று பயந்துதான் சத்து மாத்திரை என்றேன்.

நான் நிறுத்திவிட்டேன். மருமகள் எப்படி இருக்கிறாள் என்று ஒரே ஒரு வரி எழுது. என்னைத் திட்ட வேண்டுமானால் அதற்குப் பிறகு திட்டு.

தம்பி

ஏப்ரல் 21

பாசமுள்ள தம்பிக்கு,

புள்ள நல்லா இருக்கா. அதை முதல்ல சொல்லிடுறேன். டாக்டரம்மா ராத்தங்க வெச்சுப் பார்த்து, நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகலைன்னுட்டாங்க. எனக்குத்தான் நல்ல ஏச்சு. தீயணைப்புல எடை பார்த்தாங்க, போன தடவையைவிட இறங்கிடுச்சு, வேலை கிடைக்கலை. வந்து ரெண்டு நாள் சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தா. மூணாம் நாள் எழுந்து சாப்பாடு போடச் சொன்னா. எழுத்து நேரா வருதா பாரு.

உன்னைத் திட்டணும்னு வார்த்தையெல்லாம் சேர்த்துத்தான் வெச்சிருந்தேன். நேத்து கடைக்குப் போனேன். கடைக்காரர், "அண்டா எப்படிம்மா இருக்கான்?"னு கேட்டார். எனக்கு என்ன வந்துச்சோ, "அவனுக்குப் பேரு இருக்கு, இனிமே பேரைச் சொல்லிக் கேளுங்க"ன்னேன்.

"என்ன பேரு?"ன்னார்.

கடையில அத்தனை பேரும் என்னைப் பார்த்தாங்க. நாந்தான் உனக்கு அந்தப் பட்டம் வெச்சவ, ஊரு பூரா பரப்பினவ. உன் சொந்தப் பேரு எனக்குச் சட்டுன்னு நாக்குல வரல தம்பி. சோப்பைக்கூட வாங்காம வந்துட்டேன்.

உன் அக்கா