முட்டைக் கூடையும் பிளேக் ஊசியும்

என் ஞானம் அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் உனக்குச் சுகம்தானே? இங்கே கன்டோன்மென்ட் தண்டில் மறுபடியும் பிளேக். வீட்டுக்கு வீடு எலி செத்துக் கிடக்கிறது. ஊசி போடுகிற டாக்டர் நாளைக்கு நம் தெருவுக்கு வருகிறாராம்.

நான் காலேஜில் எஃப்.ஏ. படித்தபோது லாஜிக் புத்தகத்தை வைத்துக்கொண்டு நீதானே கேள்வி கேட்பாய்? புத்தகத்து உதாரணங்கள் உனக்குப் பிடிக்காது. நம் வீட்டு முட்டைக் கூடையை இழுப்பாய்.

“‘இந்தக் கூடையில எல்லா முட்டையும் நல்ல முட்டை.’ இதை மறுத்துச் சொல்லுடா, பார்ப்போம்.”

“ஒரு முட்டைகூட நல்லதில்லை.”

“அட மக்கு! ஒண்ணு அழுகிப்போச்சுன்னா கூடையையே கொட்டிடுவியா? ‘சில முட்டை நல்லதில்ல.’ அவ்வளவுதான்.”

பரீட்சையில் அதே மாதிரிக் கேள்வி வந்தது, சரியாகவே எழுதினேன். வீட்டில் காலேஜுக்குப் போனவன் நான் ஒருவன்தான். அப்புறம் எதற்கெடுத்தாலும் என்னைத்தான் கேட்டார்கள்.

அந்த வருஷமே பிளேக் வந்தது. நீ ஊசிக்குப் போகப் புடவை மாற்றிக்கொண்டு நின்றாய். ஊசி போட்டுக்கொண்ட எதிர்வீட்டு ரங்கப்பா போய்விட்டார் என்று அப்போதுதான் சேதி வந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“ஊசி போட்டா பிழைக்கலாம்கிறதெல்லாம் சும்மாக்கா. ஒருத்தருக்கும் பிரயோஜனமில்ல. போகாதே.”

“ஏண்டா, அந்த முட்டைக் கூடை...” என்று ஆரம்பித்தாய்.

“இது விளையாட்டில்ல!” என்று கத்தினேன். “சரிப்பா, படிச்சவன் நீ” என்று உட்கார்ந்துவிட்டாய்.

ஏன் அக்கா என்னோடு சண்டை போடவில்லை? அடுத்த வாரமே உனக்குக் கக்கத்தில் கட்டி வந்துவிட்டது. ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியாது. போட்டுக்கொண்டவர்களில் எத்தனையோ பேர் பிழைத்து இன்றும் இதே தெருவில் நடக்கிறார்கள். அவர்களை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் மகளுக்கு உன் பெயர்தான். இன்று சாயங்காலம் கேட்டாள்:

“அப்பா, ஊசி போட்டா எல்லாரும் பிழைச்சுப்பாங்களா?”

“எல்லாரும் இல்லம்மா.”

“அப்ப யாரும் பிழைக்க மாட்டாங்களா?”

அடுக்களையிலிருந்து முட்டைக் கூடையை எடுத்து வந்து, நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஒண்ணுக்காகக் கூடையையே யாராவது கொட்டுவாங்களாப்பா?”

“கொட்டினான்மா ஒருத்தன்” என்றேன். யார் என்று கேட்டாள். சொன்னேன், அக்கா. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாளைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். டாக்டரிடம் முதலில் என் கையைத்தான் நீட்டுவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் பேச்சைக் கேட்காத,
உன் மக்குத் தம்பி