கத்தியில்லா வைத்தியம்

புதுப்பட்டினம்

கூடுவாஞ்சேரியில் மகள் வீட்டில் கோபமாக உட்கார்ந்திருப்பவளுக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குப் போனேன். புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர்ப் பாதையை நெருக்குகிறதாம். நான் பயந்தபடி கத்தியெல்லாம் இல்லை. மெல்லிய குழாயை உள்ளே விட்டு, சூடு கொடுத்துச் சுருக்கினார்கள். எந்த வழியாக விட்டார்கள் என்று மகள் எதிரில் கேட்டுவிடாதே.

அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். ஆனால் சூட்டால் வந்த வீக்கம் வடியும்வரை வேறொரு குழாயும், சிறுநீர் சேரும் பையும் தொங்கின. பக்கத்து வீட்டு ஜெரோம் அதை மஞ்சள் பைக்குள் மறைத்துப் பஸ்ஸில் பிடித்துக்கொண்டு வந்தான். கண்டக்டர், "இன்னா அண்ணாத்த, சரக்கா? பஸ்ல எடுத்துகினு வரக் கூடாது" என்று குனிந்தார். "மோந்து பாக்காத நைனா, பேஜாராயிடும்!" என்று ஜெரோம் கத்தினான்.

இன்று குழாயை எடுத்தார்கள். தானாகப் போகாவிட்டால் மறுபடி மாட்டுவோம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

போனது, இளவயது வேகத்தில். சத்தம் வெளியே கேட்டு, "மச்சான், தூள் கெளப்புற!" என்று ஜெரோம் கைதட்ட, காத்திருந்த கிழவர்களும் தட்டினார்கள். நான் உள்ளேயே அழுதுவிட்டேன்.

அத்தனை கைதட்டலிலும் உன் திட்டுச் சத்தம் ஒன்றுதான் குறை. வந்துவிடு.

உன் பயந்தாங்கொள்ளி